சாரலில் ஏறும் பிரார்த்தனை

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்திலிருந்து கிழக்கே சுமார் 30 மைல் காரில் போனால் ஸ்னோகுவால்மி அருவி வந்துவிடும். உயரம் 268 அடி. நயாகராவைக் காட்டிலும் உயரம்! அதற்காக எண்ணெய்க் கிண்ணமும் துண்டுமாகக் கிளம்பிவிடாதீர்கள். எதிரே கட்டியிருக்கும் மேடையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்க்கத்தான் முடியும். நான் போன அன்று அதற்கே புடைவைத் தலைப்பு நனைந்துவிட்டது.

அந்தச் சாரலில்தான் விஷயம் இருக்கிறது. அருவியின் பெயரையே தங்கள் பெயராகக் கொண்ட ஸ்னோகுவால்மி பூர்வகுடி மக்களுக்கு இதுதான் கோவில். அடிவாரத்திலிருந்து புகைபோல் எழும் சாரல் தங்கள் பிரார்த்தனைகளைச் சிருஷ்டிகர்த்தாவிடம் கொண்டு சேர்க்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. கோபுரம் இல்லை, மணி இல்லை, உண்டியலும் இல்லை! மேடையில் என் பக்கத்தில் ஒரு வயதான அம்மாள் கண்ணை மூடி நின்றிருந்தாள். மற்ற எல்லோரும், என்னையும் சேர்த்து, போட்டோ பிடித்துக்கொண்டிருந்தோம்.

இந்தக் கோவிலில்தான் 1899-ல் மின்சார நிலையம் வைத்தார்கள். பாறையைக் குடைந்து, சுமார் 260 அடி ஆழத்தில் யந்திரங்களை இறக்கினார்கள். என்ஜினீயர்கள் இன்றும் அதை மெச்சுகிறார்கள். மெச்சட்டும். ஆனால் ஆற்றுத் தண்ணீரை மேலேயே மடக்கிக் குழாயில் விட்டால் அருவிக்கு மிச்சம் என்ன? தண்ணீர் குறைந்தால் சாரல் குறையும். சாரல் குறைந்தால் பிரார்த்தனை ஏறுவது எப்படி? உங்கள் பூஜை அறை விளக்குக்கு எவ்வளவு எண்ணெய் விடலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் தீர்மானித்தால் சும்மா இருப்பீர்களா?

அவர்களும் சும்மா இருக்கவில்லை. தண்ணீருக்காகக் கோர்ட்டுக்குப் போய், 2008-ல் தோற்றார்கள். அதற்கு முன்னால் இன்னொரு போராட்டம். 1953-ல் சர்க்கார் அவர்களை ஒரு தனி இனமாகவே ஒப்புக்கொள்ள மறுத்துவிட்டது. அந்த அங்கீகாரத்தைத் திரும்பப் பெற 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு, 2019-ல், அருவியின் தலைமாட்டில் இருக்கும் ஹோட்டலையும் சுற்றியுள்ள சுமார் 45 ஏக்கர் நிலத்தையும் விலைக்கு வாங்கினார்கள். அங்கே மேலும் கட்டடங்கள் முளைக்காமல் காப்பதற்குத்தான். விலை 12½ கோடி டாலர்! தாத்தா பாட்டி புதைந்த மண்ணைப் பேரன் பேத்திகள் பணம் கொடுத்து மீட்டிருக்கிறார்கள்.

மின்சார யந்திரம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

போகிறவர்கள் மழைக் காலத்தில் போங்கள். நவம்பருக்குமேல் ஆறு நிறைந்து வரும். குடை மட்டும் வேண்டாம். சாரல் கீழேயிருந்து மேலே வருகிறது.