ஷிஹான் ஹுசைனியும் கருணாபுரத்துப் பையனும்

ஷிஹான் ஹுசைனி ரத்தப் புற்றுநோயில் இறந்த செய்தி வந்த அன்று, 2025 மார்ச் 25, நான் கருணாபுரத்தில் இருந்தேன். கள்ளச்சாராயச் சாவுகள் நடந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அதில் அப்பாவை இழந்த பையன் ஒருவன் செல்போனை நீட்டினான். "அண்ணா, இவரு பெரிய கராத்தே மாஸ்டராமே? பவன் கல்யாணுக்கே சொல்லிக் குடுத்தாராம்!"

பெரிய மாஸ்டர்தான். மதுரைக்காரர். 1986இல் 'புன்னகை மன்னன்', 2001இல் 'பத்ரி' என்று சினிமாவில் முகம் தெரிந்தாலும், அவர் வாழ்க்கை பயிற்சிக்கூடத்தில்தான் கழிந்தது. கராத்தேயோடு வில்வித்தையையும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளிடம் கொண்டுபோனவர்.

எனக்கு கராத்தே சொல்லித் தந்தது பெயர் வெளியே தெரியாத ஒரு மாஸ்டர். பள்ளிக்கூட மைதானத்தில் ஞாயிறு வகுப்பு. என்னிடம் மட்டும் ஃபீஸ் வாங்கமாட்டார். சண்டைக்கு முன் எதிரெதிரே நின்று வணங்க வேண்டும். ஊர்த்தெருப் பையன் ஒருவன் என் முன்னால் முதுகு வளைத்துக் குனிந்தான். அதுவரை எங்கள் பக்கம் மட்டும்தான் குனிந்துகொண்டிருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்தக் கலையே அடக்கப்பட்ட ஒரு தீவில் வளர்ந்ததுதான். 1609இல் சத்சுமா படை ஒகினாவாவைப் பிடித்தது. ஒகினாவாக்காரர்களை ஜப்பானியர் நெடுங்காலம் தாழ்வாகவே பார்த்தார்கள். அந்தத் தீவின் ஃபுனகோஷி 1922இல் டோக்கியோவில் செய்துகாட்டிய பிறகுதான் ஜப்பானில் கராத்தே பரவியது.

ஹுசைனியோடு எனக்குச் சண்டை இந்த இடத்தில்தான். தன் ரத்தத்தையும் மாணவர்களின் ரத்தத்தையும் உறையவைத்து ஜெயலலிதாவுக்குச் சிலை செய்தார். அவர் மீண்டும் முதல்வராக வேண்டுமென்று 2015இல் ஆணியடித்துச் சிலுவையில் தொங்கினார். அத்தனை வருடம் பழக்கிய உடம்பு. வகுப்பில் நாம் குனிந்தால் எதிரில் நிற்பவனும் குனிவான். தலைவருக்கு ரத்தம் கொடுத்தால் யார் திருப்பிக் குனிகிறார்கள்? அவருடைய ரத்தம், அவர் இஷ்டம் என்று விட்டாலும், மாணவர்களின் ரத்தத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மாஸ்டர் கேட்டால் எந்த மாணவன் மறுப்பான்?

மெத்தனால் உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாகும். ரத்தம் அமிலமாகும், கண் போகும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்கள் அப்படிச் செத்தார்கள். பலர் நம் கூலிக்காரர்கள். அந்தச் சாவுகளைப் பார்த்தவனுக்கு ரத்தச் சிலையைப் பார்த்துக் கைதட்ட வராது.

சாவதற்குச் சில நாள் முன்பு தன் உடலை மருத்துவ மாணவர்கள் படிப்பதற்காக தானம் செய்வதாக ஹுசைனி அறிவித்தார். அதற்கு நான் குனிந்து வணங்குகிறேன்.

பையனிடம் இவ்வளவும் பேசவில்லை. "கத்துக்கிறியா?" என்றேன். நான் பழுப்பு பெல்ட்டோடு நின்றுபோனவன், இருந்தாலும் அடிப்படை சொல்லித்தர முடியும்.

"ஃபீஸ் எவ்ளோண்ணா?"

"இல்ல."

கொஞ்ச நேரம் யோசித்தான். "என் தங்கச்சியும் வரலாமா?"

அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு இருவரும் வந்து நின்றார்கள். தங்கச்சிதான் முதலில் வந்தாள்.