மானுக்கு நீட்டிய கை

ஆவடி என்றதும் வெளியூர் நண்பர்களுக்கு இரண்டு செய்திகள் நினைவுக்கு வருவதுண்டு. ஒன்று, 1955 ஜனவரியில் இங்குக் கூடிய காங்கிரஸ் மாநாடு. மற்றொன்று, நாம் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற டாங்கித் தொழிற்சாலை. மானையும் மீனையும் காண விரும்பி ஆவடியைத் தேடி வந்தவர் எவரும் இலர். எனினும் இவ்வூரிலிருந்து காலையில் புறப்படுவோர் மானையும், மீனையும், கல்லில் வடித்த கோயில்களையும் ஒரே பகலில் கண்டு, இஷா தொழுகைக்குச் சற்றுப் பிந்தியேனும் இல்லம் சேர்ந்துவிட முடியும். சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று நாம் குடும்பத்தோடு அவ்வாறு சென்று வந்தோம்.

இப்பயணத்துக்குத் தூண்டுகோலாக அமைந்தது ஜப்பானிலிருந்து வந்த செய்தி. நம் தம்பியின் மகன் ஒசாகா நகரில் பொறியாளனாக இருக்கின்றான். விடுமுறை நாளொன்றில் அவன் அருகிலுள்ள நாராவுக்குச் சென்று, தான் கண்டவற்றையெல்லாம் படம் பிடித்து நம் கைப்பேசிக்கு அனுப்பியிருந்தான். நாரா, 710 முதல் 784 வரை ஜப்பானின் தலைநகராக விளங்கிய ஊர். அங்குள்ள தோதாய்ஜி ஆலயத்தில் ஏறத்தாழ 15 மீட்டர் உயரமான வெண்கலப் புத்தர் சிலை இருக்கின்றது. 752ஆம் ஆண்டில் அச்சிலைக்குக் கண் திறக்கும் சடங்கு நிகழ்ந்தபோது தூரிகையைக் கையில் ஏந்தியவர் போதிசேனர் என்னும் இந்தியத் துறவி. சீனம் வழியாகக் கடல் கடந்து 736இல் ஜப்பானை அடைந்தவர் அவர். பிழைப்புக்காகவும் கல்விக்காகவும் நம்மவர் கடல் கடப்பதைப் புதுமை என்று எண்ணுவோர் இதைச் சிந்தித்துப் பார்க்கலாம்.

ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகளின் மனத்தைக் கவர்ந்தவர் புத்தரும் அல்லர், போதிசேனரும் அல்லர். கசுகா ஆலயத்தைச் சூழ்ந்த பூங்காவிலும் கடைத்தெருவிலும் வேலி ஏதுமின்றி உலவுகின்ற மான்களே அவர்களைக் கவர்ந்தன. ஒரு படத்தில் மான் ஒன்று நம் தம்பி மகனுக்கு முன்னால் தலையைத் தாழ்த்தி நின்றது. படைத்தவனுக்கன்றி வேறெவர்க்கும் தலை வணங்கலாகாது என்று மதரஸாவில் ஓதி வரும் நம் மகள் வயிற்றுப் பேரன் அதைக் கண்டு திகைத்து, "நன்னா, அந்த மான் மாமாவுக்கு ஏன் ருகூவு செய்யுது?" என்று கேட்டான். "அது வணக்கமில்லை, பிஸ்கோத்துக்கு மனு" என்று படத்தின் கீழே நம் தம்பி மகனே குறித்திருந்தான். அன்று பிற்பகலே அவன் ஒசாகா துறைமுகத்தருகில் உள்ள கையுகான் மீன் காட்சியகத்துக்கும் சென்றிருந்தான். 1990இல் திறக்கப்பட்ட அக்காட்சியகத்தில், 5,400 டன் நீர் கொண்ட தொட்டியில் திமிங்கலச் சுறா நீந்துகின்றதாம்.

"நம்ம ஊரில் இதெல்லாம் இல்லையா?" என்று பிள்ளைகள் மூவரும் ஒரே குரலில் கேட்டபொழுது, இருக்கிறது என்று சொல்லிவிட்டோம். சொன்ன பின் அழைத்துச் செல்லாதிருக்க இயலுமா?

மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் மூவர், நம் இல்லத்தரசி, நாம் என எழுவரும் ஒரு வேனில் ஏறிப் பருத்திப்பட்டு, பூந்தமல்லி, போரூர் வழியாகக் கிண்டியை அடைந்தோம். புளிச்சோறும் பொரித்த கோழியும் அடுக்குப் பாத்திரத்தில் இருந்தன. அவற்றோடு, ஈரத்துணியில் சுற்றிய அகத்திக்கீரைக் கட்டு ஒன்றும் நம் இல்லத்தரசியின் மடியில் இருந்தது. ஆவடிச் சந்தையில் முதல்நாள் மாலை மானுக்கென்றே தேர்ந்து வாங்கிய கீரை அது.

கிண்டிக் காடு மிகச் சிறியது. 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது, பரப்பு 2.7 சதுர கிலோமீட்டருக்குச் சற்றே மிகுதி. ஒருகாலத்தில் ஆளுநர் மாளிகையைச் சேர்ந்த வேட்டைக்காடாக இதைவிடப் பெரிதாக விரிந்து கிடந்தது. 1950களின் இறுதியில் ஒரு பெரும்பகுதி தொழில்நுட்பக் கழகத்துக்கு அளிக்கப்பட்டது. பின்னர் கல்வி நிலையங்களும் நினைவு மண்டபங்களும் எழுந்தன. அவை வேண்டியவையே, கல்வி நிலையத்தைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் கழகத்தின் வளாகத்துக்குள் மாணவர் விடுதிகளுக்கிடையே இன்றும் மான் மேய்கின்றதென்றால், மனிதர் இருக்குமிடத்துக்கு மான் வந்ததென்று கொள்ளலாகாது. மான் இருந்த இடத்துக்கு மனிதர் சென்றனர் என்பதே வரலாறு.

காட்டின் ஓரத்தில் உள்ள சிறுவர் பூங்கா 2024இல் புதுப்பித்துத் திறக்கப்பட்டது. உள்ளே கம்பி வேலிக்கு அப்பால் புள்ளிமான்கள் நிழலில் படுத்து அசைபோட்டுக் கொண்டிருந்தன. பிள்ளைகளின் காலடி ஓசை கேட்டதும் அவற்றுள் இரண்டு எழுந்து வேலியருகே வந்து மூக்கை நீட்டின. நம் இல்லத்தரசி "பிஸ்மில்லாஹ்" என்று கீரைக்கட்டைப் பிரிக்கலானார். காவலுக்கு நின்ற பணியாளர் விரைந்து வந்து தடுத்தார். இளைஞர், பணிவாகவே பேசினார்.

"அம்மா, எதுவும் கொடுக்கக் கூடாதுங்க."

"கீரைதானே தம்பி? பாலிதீனா கொடுக்கிறேன்? வாயில்லாச் சீவனுக்குக் கொடுக்கிறது நன்மையில்லையா?"

"நீங்க கீரை கொடுப்பீங்க. உங்களுக்குப் பின்னால வர்றவர் சிப்ஸு கொடுப்பார், கவரோட. கையை நம்பிப் பழகின மானு கையில என்ன இருக்குன்னு பார்க்காதும்மா."

இல்லத்தரசி மறுமொழி கூறவில்லை. கீரையைத் துணியில் மீண்டும் சுற்றிக் கொண்டார். ஆனால் அவர் முகம் வாடிவிட்டது. இது சிறு நிகழ்ச்சிதானே என்று வாசகர்கள் கடந்து சென்றுவிட வேண்டாம். உயிர்களுக்கு உணவளிப்பது நம் இல்லங்களில் வழிவழியாகப் பேணப்படும் தர்மம். தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கிக் காலணியில் நீர் மொண்டு கொடுத்தவரை இறைவன் மன்னித்த வரலாற்றைப் பெருமானார் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்ததை அறியாத குழந்தை நம்மிடையே உண்டா? அதிலும் மான் என்றால் நமக்குத் தனிப் பரிவு. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலத்தைக் கேட்டு வளர்ந்தவர் நம் இல்லத்தரசி. வேடன் கட்டிப்போட்ட பிணைமான், தன் கன்றுக்குப் பாலூட்டி வர விடை வேண்டியது. நபிகள் நாயகம் அதற்காகத் தாமே பிணையாக நின்றார்கள். மானும் சொன்ன சொல் தவறாமல் கன்றோடு திரும்பி வந்தது. அத்தகைய மானுக்கு ஒரு பிடி கீரை கொடுப்பதை ஒருவர் தடுத்தால் மனம் வருந்தாதா?

வருந்தும். எனினும் அப்பணியாளரின் சொல்லில் உண்மை இருந்தது. மான் அசைபோடும் பிராணி. அதன் இரைப்பை நான்கு அறைகள் கொண்டது. புல்லையும் தழையையும் மெல்ல நொதிக்கச் செய்து செரிக்கும் முதல் அறைக்குள் ரொட்டியும் சோறும் மிகுதியாகச் சென்றால் புளிப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும். பிளாஸ்டிக் பை சென்றாலோ அடுத்த அறைக்குப் போக வழியின்றி அங்கேயே தங்கி உருண்டு திரளும். வயிறு நிறைந்திருப்பதாக எண்ணி மான் மேய்வதை விட்டுவிடும். நிறைந்த வயிற்றோடு பட்டினியால் மாளும். சென்னையில் இறந்த மான்களின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது கண்டறியப்பட்டதுண்டு. மான்களைப் போற்றிக் காக்கும் நாராவிலேயே 2019இல் சில மாதங்களுக்குள் மாண்ட 14 மான்களில் 9 மான்களின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது. ஒன்றின் வயிற்றில் 4.3 கிலோ. கொடுத்தவர் எவரும் அவற்றை வெறுத்தவர் அல்லர்.

இதை நாம் வேனில் ஏறிய பின் சொன்னபோது நம் மகள் வேறொரு நபிமொழியை நினைவூட்டினாள். பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணைப் பற்றியது அது. "அவ தானும் தீனி கொடுக்கலை, அது தானாத் தேடித் தின்னவும் விடலை. குற்றம் ரெண்டும் சேர்ந்துதானேம்மா? அடைச்சு வைச்ச மானுக்கு ஆட்கள் தீனி போடுறாங்க. காட்டு மானுக்குப் புல் இருக்கு. அதை நிம்மதியாத் தின்ன விடுறதும் ஸதக்காதான்." பெண் பிள்ளைகளைப் படிக்க வைத்ததன் பயனை இத்தகைய வேளைகளில் கண்கூடாகக் காண்கிறோம். இல்லத்தரசியோ, "அப்போ ஜப்பானில் மட்டும் கொடுக்கிறாங்களே, அது எப்படி?" என்று ஒரே கேள்வியில் மகளை மடக்கினார். அதற்கு அப்பொழுது யாரிடமும் விடை இல்லை.

ஈஞ்சம்பாக்கத்தில் 2019இல் திறக்கப்பட்ட கடல்வாழ் உயிரினக் காட்சியகத்துக்கு நண்பகலில் சென்றோம். மழைக்காடு, அலையாத்திக்காடு, கரையோரம், ஆழ்கடல் எனப் பகுதி பகுதியாக அமைத்துள்ளனர். கண்ணாடிச் சுரங்கத்துள் நடக்கையில் தலைக்கு மேல் திருக்கை மீன் வெண்மையான அடிவயிற்றைக் காட்டிக்கொண்டு போர்வை மிதப்பது போல் சென்றது. கட்டணம் சற்று மிகுதி; கூட்டம் அதனினும் மிகுதி. நம்மைக் கவர்ந்தது வேறொரு நினைவு. திருவல்லிக்கேணியில் பிறந்து வளர்ந்த நம் மாமனார், மெரினாக் கடற்கரையில் ஒரு மீன் காட்சிச்சாலை இருந்ததாகவும், சிறுவனாக அங்கே கடற்பாம்பைக் கண்டு அஞ்சியதாகவும் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1909இல் திறக்கப்பட்ட அச்சாலை இந்தியாவிலேயே முதலாவது. இரண்டாம் உலகப் போரின்போது மூடப்பட்டது. மீண்டும் திறக்கப்படவே இல்லை. அதே போர்தான் நாராவின் மான்களையும் பட்டினியில் வாட்டியது. 1945இல் அங்கே எஞ்சியவை 79 மான்களே. இன்று 1,300க்கும் மேல். மீன்சாலையைத் திறக்கவும் மூடவும் மனிதனால் முடிகின்றது. மூடிய ஒன்றுக்கு மாற்றாகச் சென்னை மற்றொன்றைப் பெற முக்கால் நூற்றாண்டு ஆனது. அந்த 79 மான்களும் எஞ்சியிராவிடில் நாராவில் பணத்தால் எதைத் திறந்திருக்க முடியும்?

பகலுணவும் ளுஹரும் முடித்து, கோவளத்தில் ஹஸ்ரத் தமீமுல் அன்சாரி (ரலி) தர்காவுக்கு அருகில் அஸர் தொழுதோம். வெளியே வந்தபோது, கயிற்றில் கட்டியிருந்த இரண்டு வெள்ளாடுகளுக்கு நம் இல்லத்தரசி அகத்திக்கீரையை ஊட்டிக் கொண்டிருந்தார். ஆட்டுக்காரப் பெண்மணியிடம் முன்னரே கேட்டுவிட்டாராம்.

மாமல்லபுரத்தை அடைந்தபோது வெயில் தணிந்திருந்தது. கோயில்களைக் காண்பதில் நமக்கு ஒரு தயக்கமும் இல்லை. கல்லில் உயிர் கொடுத்த தச்சர்களின் கைத்திறன் இம்மண்ணில் பிறந்த நம் அனைவர்க்கும் உரிய முதுசொம். 1984இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. ஐந்து ரதங்களையும், மாமல்லனுக்குப் பின் வந்த இராசசிம்மன் எழுப்பிய கடற்கரைக் கோயிலையும் விரைந்து சுற்றினோம். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவன் இங்கே கடலோரத்தில் கல்லடுக்கிய காலமும், கீழ்த்திசைக் கடலுக்கு அப்பால் நாரா தலைநகரான காலமும் ஏறத்தாழ ஒன்றே. அருச்சுனன் தபசு என்று மக்கள் வழங்கும் பெரும்பாறையின் முன்தான் நெடுநேரம் நின்றோம். தவக்கோலத்தில் நிற்கும் போலிப் பூனையையும் அதனை நம்பிச் சூழ்ந்துள்ள எலிகளையும் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தனர். சிறிது கீழே, பின்னங்காலைத் தூக்கித் தன் மூக்கைச் சொறிந்துகொள்ளும் மான் ஒன்று. தவசிகளும் வானவரும் நிறைந்த அப்பாறையில் அது எவரையும் பார்க்கவில்லை. எவரும் அதற்கு எதையும் நீட்டவுமில்லை. அச்சமின்றித் தன் வேலையைத் தான் பார்க்கின்றது. மானின் நிம்மதியைச் செதுக்கத் தெரிந்த அச்சிற்பி, அதனைப் பலநாள் தள்ளி நின்று கவனித்தவனாகவே இருந்திருக்க வேண்டும்.

அங்கிருந்தபடியே பேரன் ஒசாகாவுக்குக் கைப்பேசியில் அழைத்தான். அங்கே இரவு ஒன்பது மணி கடந்திருந்தது. இல்லத்தரசி கைப்பேசியைத் தம்மிடம் வாங்கி, காலையிலிருந்து மனத்தில் இருந்த கேள்வியைக் கேட்டார்.

"அங்கே மானுக்கு என்ன தீனி வாப்பா கொடுக்கிறீங்க?"

"அரிசித் தவிடும் கோதுமை மாவும் சேர்த்துச் செஞ்ச அப்பளம் மாதிரி ஒண்ணு பெரியம்மா. சர்க்கரை கிடையாது. மானுக்குன்னே செய்யறது. வேற எதையும் கொடுக்கக் கூடாது."

"எதில் சுத்திக் கொடுக்கிறாங்க?"

"ஒரு காகித நாடாதான். அந்தக் காகிதத்தையே மான் தின்னுட்டாலும் கெடுதல் இல்லாத மாதிரி செஞ்சிருக்காங்க. அச்சு மை கூட அப்படித்தான். அதை வித்த காசில் ஒரு பங்கு மான்களோட பராமரிப்புக்குப் போகுது."

இல்லத்தரசி சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அரிசித் தவிடு நம்ம ஆவடி மில்லிலேயே கிடைக்குமே" என்றார்.