புத்தக அலமாரிக்குள்ளிருந்து வந்த கை!

"ஏம்மா, உங்களுக்குப் பின்னாடி, மேலேருந்து ரெண்டாவது தட்டுல, சிவப்பு அட்டை போட்டுத் தடியா ஒண்ணு இருக்கே... அது என்ன புத்தகம்?"

வீடியோ காலின் எதிர்முனையில் இருந்தவர், கும்பகோணம் பக்கம் கிளை நூலகங்களில் 30 வருடங்கள் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நூலகர். அவரைப் பேட்டி எடுக்கத்தான் நான் உட்கார்ந்திருந்தேன். கேள்வி கேட்க வேண்டியவள் நான். ஆனால், முதல் கேள்வியை அவர் கேட்டுவிட்டார்.

சட்டென்று திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் புத்தகமும் இல்லை, அலமாரியும் இல்லை. எங்கள் வீட்டு இரும்பு பீரோதான் நின்றுகொண்டிருந்தது. அதன் தலைமேல் இரண்டு சூட்கேஸ்கள், ஒரு பழைய குக்கர் டப்பா, சுருட்டி வைத்த கோரைப்பாய். அலமாரி இருந்தது திரையில் மட்டும். இணையத்திலிருந்து எடுத்துப் போட்ட ஒரு போட்டோ அது.

"அது... டிக்‌ஷனரி மேடம்" என்றேன்.

"அப்படியா!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்குப் புரிய இன்னும் ஒரு வாரம் ஆகும்.

நாலு சுவர், நாலு பிரச்னை

எங்கள் வீடு வில்லிவாக்கத்தில் ஒரு சின்ன போர்ஷன். ஒரு ஹால், ஒரு அறை, ஒரு சமையற்கட்டு. வாரத்தில் இரண்டு நாள் எனக்கு வொர்க் ஃப்ரம் ஹோம். காலையில் எடிட்டோரியல் மீட்டிங், மதியம் யாராவது ஒருவரின் பேட்டி. அறையில் சிக்னல் வராது. அதனால், எல்லாமே ஹாலில்தான்.

ஹாலில் நாலு சுவர். முதல் சுவரில் ஜன்னல். அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால், மீட்டிங்கில் நான் தெரிய மாட்டேன். என் நிழல்தான் தெரியும். பின்னாலிருந்து வரும் வெளிச்சத்துக்கு ஏற்ப கேமரா தன்னைச் சரிசெய்துகொள்வதால் முகம் கறுத்துவிடும். துப்பறியும் நிகழ்ச்சிகளில் அடையாளம் மறைத்துப் பேட்டி கொடுப்பவரைப் போல இருப்பதாக அலுவலகத் தோழி சொன்னாள்.

இரண்டாவது சுவரில் சமையற்கட்டு வாசல். அங்கே அம்மா நடந்துகொண்டே இருப்பார். மூன்றாவதில் ஃப்ரிட்ஜ், சாமி படங்கள், மளிகைக்கடை, நகைக்கடை, ஃபைனான்ஸ்காரர் கொடுத்த மூன்று மாதக் காலண்டர்கள். நான்காவதில் பீரோ. வெளிச்சத்துக்கு அதுதான் நல்ல இடம். ஜன்னல் எதிரே இருப்பதால் முகம் பளிச்சென்று விழும். ஆனால், பீரோவில் ஆளுயரக் கண்ணாடி! ஒருநாள் மீட்டிங் முடியும் நேரத்தில் எடிட்டர், "உங்க வீட்ல இன்னைக்கு யாருக்கு பிளவுஸ் தைக்கிறாங்க?" என்று கேட்ட பிறகுதான் திரையை உற்றுப் பார்த்தேன். எனக்கு முன்னால் இருந்த அத்தனையும் அந்தக் கண்ணாடியில் தெரிந்துகொண்டிருந்தது. முக்கியமாக, ஜன்னலோரம் தையல் மெஷினில் குனிந்திருந்த அப்பா.

ஆமாம், அப்பா டெய்லர். கடையை மூடிவிட்டு மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்து நாலு வருடங்கள் ஆகின்றன. பிளவுஸ், சேலைக்கு ஃபால்ஸ், ஸ்கூல் யூனிஃபார்ம், பேன்ட் ஆல்ட்ரேஷன். நான் படித்ததும் இந்த மெஷினில்தான்.

எடிட்டர் கேலியாகக் கேட்கவில்லை. ஆனாலும் எனக்குக் காது சூடாகிவிட்டது. அன்று இரவுதான் அந்த அலமாரி போட்டோவைத் தேடி எடுத்தேன்.

ஏன் புத்தக அலமாரி?

அதற்கும் காரணம் இருக்கிறது. 2023-ல் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 'ப்ளாஸ் ஒன்' என்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வீடியோ காலில் இருப்பது போன்ற முகங்களை வெவ்வேறு பின்னணிகளில் வைத்துக் காட்டி, 'இவரை நம்பலாமா, இவர் திறமையானவராகத் தெரிகிறாரா?' என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். புத்தக அலமாரிக்கும் செடிகளுக்கும் முன்னால் இருந்த முகங்களுக்கு நல்ல மதிப்பெண். வீட்டு வரவேற்பறையும், பனிப்பாறையும் வால்ரஸும் இருக்கும் வேடிக்கைப் படமும் பின்தங்கிவிட்டன. சிரித்த முகங்களுக்குக் கூடுதல் மதிப்பு கிடைத்தது.

எனக்குப் பட்டது இதுதான்: வீடு என்றால் மார்க் குறையும், புத்தகம் என்றால் மார்க் ஏறும். எடு அலமாரியை!

ஆனால், இந்தப் போலிப் பின்னணி வேலை செய்யும் விதத்தை அப்போது நான் யோசிக்கவில்லை. திரையில் எது மனிதர், எது மற்றது என்று சாஃப்ட்வேர் ஒவ்வொரு நொடியும் ஊகித்துக்கொண்டே இருக்கிறது. மனிதர் என்று நினைப்பதை விட்டுவிட்டு, மற்றதன்மேல் படத்தை ஒட்டுகிறது. ஊகம்தானே... தப்பும். பறக்கும் முடியைத் தின்றுவிடும். நோட்டைத் தூக்கிக் காட்டினால் நோட்டு காணாமல் போகும். என்னுடையதைப் போன்ற பழைய லேப்டாப் என்றால், இந்த வேலைப் பளுவில் ஃபேன் இரைய ஆரம்பித்துவிடும். தலையைத் திருப்பினால் ஒரு காது இருக்கும், ஒரு காது இருக்காது.

'டெய்லர் வந்திருக்கார்!'

நூலகரின் பேட்டிக்கு வருகிறேன். 'டிக்‌ஷனரி' பொய்க்குப் பிறகு பேச்சு நன்றாகவே போனது. லீவு நாள்களில் படிக்க வரும் பிள்ளைகள், கிழித்த பக்கத்தை ஒட்டிக்கொண்டுவந்து தரும் பெரியவர், தாமதக் கட்டணத்துக்குப் பயந்து வராமலே போன பெண் என்று நிறையச் சொன்னார். நான் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

பீரோ கைப்பிடியில் யாரோ கொடுத்திருந்த அளவு ஜாக்கெட் தொங்கிக்கொண்டிருந்தது. அவசரமாகத் தைக்க வேண்டியது போலிருக்கிறது. நான் பேசுவதைக் கெடுக்கக் கூடாது என்று அப்பா குனிந்து, சத்தம் போடாமல் வந்து கையை நீட்டியிருக்கிறார். திரையில் என்ன நடந்தது தெரியுமா? என் அழகான அலமாரியின் மூன்றாவது தட்டிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. பிறகு அரை முகம். கழுத்தில் இன்ச் டேப். மறுபடி கை மட்டும்.

"யாரும்மா அது?" என்றார் நூலகர்.

ஒரு விநாடிதான். "டெய்லர் வந்திருக்கார் மேடம்... துணி வாங்க" என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதனால்தான் அது பெரிய பொய்.

அப்பாவுக்குக் கேட்டது. ஹால் எவ்வளவு பெரியது, கேட்காமல் இருக்க? ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு அதே போலக் குனிந்தபடி போய்விட்டார்.

2017 மார்ச்சில், தென்கொரியாவின் பூசானிலிருந்து பேராசிரியர் ராபர்ட் கெல்லி பிபிசி-க்கு வீட்டிலிருந்தே நேரலையில் பேட்டி கொடுத்தார். பின்னால் கதவைத் திறந்துகொண்டு மகள் குதித்து வந்தாள், நடைவண்டியில் தம்பி வந்தான், மனைவி பாய்ந்து வந்து இருவரையும் இழுத்துக்கொண்டு போனார். உலகமே சிரித்து ரசித்த வீடியோ அது. ஆனால், அப்போது ஒரு சர்ச்சையும் எழுந்தது. பார்த்தவர்களில் பலர் அந்த மனைவியை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண் என்று நினைத்துவிட்டார்கள்.

அவர்கள் தெரியாமல் நினைத்தார்கள். நான் தெரிந்தே சொன்னேன்.

அப்பா அதைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. ஆனால், அடுத்த வொர்க் ஃப்ரம் ஹோம் நாளில் மீட்டிங் ஆரம்பிக்கும் முன்பே அவரைக் காணவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து கையால் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். "ஏன்ப்பா இங்க?" என்றேன். "காத்து நல்லா வருது பாப்பா" என்றார். சித்திரை வெயில். படியில் காற்றே இல்லை.

ஜன்னலில் பாதி

அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மாதான் உடைத்தார். "அன்னைக்கு யாரோ டெய்லர்னு சொன்னியாமே?" எனக்குச் சோறு இறங்கவில்லை. "தப்புதான்ப்பா" என்றேன். அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நான் டெய்லர்தானே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பின்னாடி என்னதான் தெரியணும் உனக்கு? அதைச் சொல்லு மொதல்ல" என்றார்.

"ஒண்ணும் தெரியக் கூடாதுப்பா. ப்ளைனா இருந்தா போதும்."

"இதுக்கா கம்ப்யூட்டர்ல புத்தகத்தை ஒட்டுனே? ஒரு ஸ்க்ரீன் தைச்சா முடிஞ்சது."

மறுநாள் காலையில் இன்ச் டேப்போடு பீரோ முன்னால் நின்றார். உயரம் ஏழடி, அகலம் ஆறடி. என் அலமாரியிலிருந்து ஒரு சாட்டின் துணியை எடுத்துக் கொடுத்தேன். "பளபளப்பு வேணாம், லைட் திருப்பி அடிக்கும்" என்றார். பொடிக் கட்டம் போட்டதை எடுத்தேன். "டிவியில பார்த்ததில்லையா? பொடிக் கட்டமும் கோடும் நெளியும்." வெள்ளையைக் காட்டினேன். "வெள்ளைக்கு முன்னாடி நம்ம மூஞ்சி இன்னும் இருட்டாத் தெரியும்." நான் கூகுளில் படித்துத் தெரிந்துகொண்டதையெல்லாம் அவர் துணியைத் தொட்டே சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியில் அவரே எடுத்தது, ஒரு ஸ்கூல் யூனிஃபார்ம் ஆர்டரில் மிஞ்சிய சாம்பல் நீலத் துணி. இரண்டு அகலத்தை ஜாயின்ட் போட்டு, அந்தத் தையலை மடிப்புக்குள் மறைத்தார். ஃபேன் காற்றில் ஆடக் கூடாது என்று கீழ் மடிப்புக்குள் இரும்பு வாஷர்களை வைத்துத் தைத்தார். பீரோவுக்கு முன்னால் கயிறு கட்டி மாட்டினோம். கண்ணாடி, சூட்கேஸ், குக்கர் டப்பா எல்லாம் திரைக்குப் பின்னால். தேவையில்லாதபோது ஓரமாகத் தள்ளிவிடலாம்.

மீதியை நான் செய்தேன். திரையிலிருந்து நாலடி தள்ளி நாற்காலியைப் போட்டேன். நெருங்கி உட்கார்ந்தால் நம் நிழல் துணியில் விழும். கேமரா கண் மட்டத்துக்கு வர, என் டிப்ளமோ புத்தகங்களை லேப்டாப்புக்கு அடியில் அடுக்கினேன். நிஜப் புத்தகங்களுக்கு ஒருவழியாக வேலை கிடைத்தது! சாம்பல் நீலத்தில் சுடிதார் போட்டால் திரையோடு கரைந்துவிடுவேன் என்பதால் மஞ்சள், மெரூன்.

ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. ஜன்னலுக்கும் எனக்கும் நடுவில் மெஷின். அப்பா அதைப் பக்கவாட்டில் நகர்த்தினார். "ஜன்னல்ல பாதி உனக்கு, பாதி எனக்கு" என்றார். நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும்போது மைக்கை ம்யூட்டில் போட்டால், அவர் பெடலை மிதிப்பார். நான் கையைத் தூக்கினால் நிறுத்துவார். படிக்கு இனி அவர் போக வேண்டியதில்லை.

சாயாத புத்தகங்கள்

பேட்டியில் சில விவரங்களைச் சரிபார்க்க நூலகரை மறுபடி வீடியோ காலில் அழைத்தேன். எடுத்தவுடன் கேட்டார். "எங்கம்மா உங்க லைப்ரரி?"

"மன்னிச்சுக்கோங்க மேடம். அது வெறும் போட்டோ. அன்னைக்கு நான் சொன்ன டிக்‌ஷனரியும் கிடையாது."

"தெரியும்மா" என்றார். "30 வருஷம் அலமாரியைப் பார்த்தவ நான். உங்களுதுல ஒரு புத்தகம்கூடச் சாயலையே! படிக்கிற வீட்டுல ஒண்ணாவது சாஞ்சிருக்கும்."

இருவருமே சிரித்தோம். சிரிப்பு அடங்கும் முன் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "இன்னொண்ணும் மேடம். அன்னைக்குக் கை நீட்டினாரே, அவர் என் அப்பா."

அவர் சிறிது நேரம் பேசவில்லை. எதிரே மெஷின் சத்தமும் நின்றிருந்தது.

"பக்கத்துல இருக்காரா? கூப்பிடுங்க, ஒரு வணக்கம் சொல்லிக்கிறேன்" என்றார்.

அப்பா எழுந்து வந்தார். சட்டையில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டுக்கொண்டு, என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று கும்பிட்டார். இந்த முறை முழுதாகத் தெரிந்தார். காது, கை, இன்ச் டேப் எதையும் யாரும் தின்னவில்லை. "பின்னாடி இருக்கிற ஸ்க்ரீன் நீங்க தைச்சதா? ஜாயின்ட்டே தெரியலையே!" என்றார் நூலகர். அப்பாவுக்குப் பதில் வரவில்லை. திரும்பித் திரையைப் பார்த்தார்.

கால் முடிந்ததும் முதலில் பேசியது அவர்தான். "பாப்பா, இடது பக்கம் ஒரு சுருக்கம் தெரியுது பாரு. அடுத்த மீட்டிங் எத்தனை மணிக்கு? அதுக்குள்ள அயர்ன் பண்ணித் தர்றேன்."