முதலில் அரிசி மூட்டை, பிறகு பிள்ளை



உங்கள் வீட்டில் ஏணை தொங்குகிறதா? தொங்கினால், இதை வாசித்து முடித்ததும் எழுந்து போய், தீராந்தியில் கட்டியிருக்கும் அந்த முடிச்சை ஒரு தடவை பாருங்கள். ஏணைச் சேலை மெதுவானதா, சுத்தமானதா என்றெல்லாம் பார்க்கிறோம். அதைத் தாங்கி நிற்கின்ற கயிற்றை அண்ணாந்து பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்?

நான் இதை எழுத ஒரு காரணம் உண்டு. 22 வருடங்களுக்கு முன் என் மூத்த மகள் பிறந்து நாற்பது கழிந்த சமயம் அது. அறபுக் கல்லூரியில் பட்டம் பெற்று வந்து, மத்ரஸாவில் ஓதிக் கொடுக்கத் தொடங்கியிருந்தேன். ஏணை கட்டும் பொறுப்பு என்னுடையது. கடைத்தெருவில் நீல நிறக் கயிறொன்றை வாங்கி வந்து, அஸருக்கு முன் அவசர அவசரமாகக் கட்டினேன்.

பார்த்துக்கொண்டிருந்த என் உம்மா, "மகன், புதுக் கயிறு பொய் சொல்லும். இன்றைக்கு அம்மிக் குழவியைப் போட்டு ஆட்டுங்க. பிள்ளையை நாளைக்குப் போடலாம்" என்றார். நான் சிரித்துவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டேன்.

திரும்பி வரும்போது வீட்டில் ஒரே அழுகைச் சத்தம். கயிறு அறவில்லை, முடிச்சு வழுக்கி அவிழ்ந்துவிட்டது. ஏணை முழங்கால் உயரத்தில் இருந்ததாலும், உம்மா கீழே மெத்தையொன்றை விரித்து வைத்திருந்ததாலும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். உம்மா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. அதுதான் இன்றும் எனக்குச் சுடுகிறது. கட்ட வேண்டியதை ஒழுங்காகக் கட்டிவிட்டே அல்லாஹ்வின் மீது பாரம் சாட்ட வேண்டும் என்று மாணவர்களுக்குத் தவக்குல் பாடம் நடத்துபவன் நான். வீட்டில் அதை மறந்துபோனேன்.

அந்த மகளுக்கு இப்போது ஒரு மகன் பிறந்திருக்கிறான். இம்முறை அவசரப்படவில்லை. தேடிப் பார்த்துக் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

அன்று நான் வாங்கிய நீலக் கயிறு பொலிபுரொப்பிலீன் என்ற வகை. மலிவானது, நனைந்தாலும் உக்காது. ஆனால் வழவழப்பானது, முடிச்சு நிற்காது. வெயில் பட்டுப் பட்டு நொறுங்கியும் போகும். தும்புக் கயிறு ஈரத்தில் உக்கும். நைலோன் பலமானதுதான், ஆனால் பாரத்துக்கு இழுபடும், ஈரத்தையும் உறிஞ்சும். ஏணைக்கு ஏற்றது லொறிகளில் சாமான் கட்டும் தட்டையான பொலியெஸ்டர் பட்டி. ஒரு அங்குல அகலம் போதும். தரமான பட்டிகளில் லேபல் நீல நிறமென்றால் பொலியெஸ்டர், பச்சையென்றால் நைலோன், கபில நிறமென்றால் பொலிபுரொப்பிலீன். லொறியில் பாவித்துக் கழித்த பட்டி வேண்டாம், புதியதாகவே வாங்குங்கள். வெட்டிய நுனியை நெருப்பில் காட்டி உருக்கிவிட்டால் நூல் பிரியாது.

இனி முடிச்சு. பட்டியின் ஒரு நுனியில் தளர்வாகச் சாதாரண முடிச்சொன்று போடுங்கள். மறு நுனியை எதிர்ப்பக்கமிருந்து நுழைத்து, அந்த முடிச்சு போன வழியிலேயே, பட்டி மேல் பட்டி படிய, முறுக்கில்லாமல் கொண்டுபோய் இழுத்து இறுக்குங்கள். இரு பக்கமும் நான்கு விரல் அகலத்துக்கு வால் மிஞ்ச வேண்டும். இந்த முடிச்சும் ஆட்ட ஆட்ட மெல்ல ஊர்ந்து வரக்கூடியது. ஆகவே வால் முடிச்சை விட்டு வெளியே வரும் இடத்தில் பேனையால் ஒரு கோடு கீறி வையுங்கள். கோடு முடிச்சை நோக்கி நகர்ந்திருந்தால் வால் உள்ளே இழுபடுகிறது என்று அர்த்தம். உடனே அவிழ்த்துத் திரும்பக் கட்ட வேண்டும்.

அடுத்தது, உம்மா சொன்ன அந்தப் பழக்கும் வேலை. எங்கள் வீட்டில் அம்மி இப்போது இல்லை. 25 கிலோ அரிசி மூட்டையை ஏணையில் வைத்தேன். பேரனின் நிறையோ 4 கிலோ. அரை மணி நேரம் ஆட்டிவிட்டு, இரவு முழுக்க அப்படியே தொங்கவிட்டேன். மகள் சிரித்தாள். "வாப்பா, அரிசிக்குத் தாலாட்டும் பாடவா?" என்று கேட்டாள்.

காலையில் பார்த்தால் ஏணை நான்கு விரல் கீழே இறங்கியிருந்தது! சேலை முடிச்சும் பட்டி முடிச்சும் இறுகி, பட்டியும் சற்றே நீண்டிருந்தது. எல்லாவற்றையும் திரும்ப இழுத்துக் கட்டி, இரண்டாவது இரவும் மூட்டையை வைத்தேன். மறுநாள் ஏணை இறங்கவுமில்லை, கோடு நகரவுமில்லை. அதன் பிறகுதான் பிள்ளையைப் போட அனுமதித்தேன்.

பட்டி தேய்வது பெரும்பாலும் தீராந்தியின் விளிம்பில்தான். அங்கே சாக்கை மடித்து வையுங்கள். மாதம் ஒரு தடவை பட்டியைச் சற்று நகர்த்தி, தேயும் இடத்தை மாற்றுங்கள். ஓரத்து நூல் பிரிந்தாலோ, பட்டி விறைத்து நிறம் வெளுத்தாலோ கழித்துவிடுங்கள். எறியும்போது துண்டு துண்டாக வெட்டி எறியுங்கள். இல்லாவிட்டால் வேறொரு தாய் அதை எடுத்துத் தன் பிள்ளைக்குக் கட்டிவிடக்கூடும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. ஏணையில் சிசுவின் உடல் வளைந்து, நாடி நெஞ்சில் முட்டினால் மூச்சுத் தடைப்படலாம். தட்டையான, உறுதியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைப்பதே பாதுகாப்பு என்பதுதான் வைத்தியர்களின் ஆலோசனை. ஆகவே எங்கள் வீட்டில் ஏணை, பக்கத்தில் ஆள் விழித்திருக்கும் பகல் வேளைக்கு மாத்திரம்தான். பேரன் புரளத் தொடங்கியதும் அதை அவிழ்த்துவிடப் போகிறோம்.

மூன்றாம் நாள் மகள் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஏணையில் போடுமுன் அண்ணாந்து முடிச்சைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், பட்டியை ஒரு கையால் இழுத்தும் பார்த்தாள். அதைக் காண என் உம்மா இன்று இல்லை. அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்வானாக!

சகோதரிகளே, முடிச்சைப் பார்க்க மறந்துவிடாதீர்கள். நம் பிள்ளைகள் அனைவரையும் வல்ல நாயன் பாதுகாப்பானாக!