திலக் நகரும் கடலுக்கு அப்பால் ஒரு கயிலாயமும்

மும்பை மாநகரின் கீழ்க்கரையை ஒட்டிச் செல்லும் ஹார்பர் ரயில் பாதையில், குர்லாவுக்கும் செம்பூருக்கும் இடையே அமைந்த ஒரு சிறு நிலையத்தின் பெயரால் அறியப்படுகிற திலக் நகரைப் பற்றித் தமிழ்நாட்டிலிருந்து வருகிற ஒருவரிடம் விசாரித்தால், ரயிலை விட்டு இறங்குகிற இடம் என்பதற்கு மேல் அவரிடமிருந்து பதில் வருவது அபூர்வம். சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் நம்மவர்களை ஏற்றிக்கொண்டு வரும் வண்டிகள் வந்து சேரும் லோகமான்ய திலக் டெர்மினஸ் இந்தப் பகுதியின் ஓரத்திலேயே இருக்கிறது. தலையணை உறையில் கட்டிய அரிசியும், டப்பாவில் அடைத்த முறுக்கும், வாழையிலையில் சுற்றிய மல்லிகையுமாக இறங்குகிறவர்கள், ஆட்டோ பிடித்து செம்பூருக்கோ தாராவிக்கோ மாதுங்காவுக்கோ போய்விடுகிறார்கள். இறங்கிய இடத்தை ஓர் ஊர் என்று எண்ணி நின்று பார்க்க யாருக்கும் அவகாசம் இருப்பதில்லை.

ஆயினும் இது ஓர் ஊர்தான். குர்லாவிலிருந்து செம்பூருக்கு ஒற்றை ரயில் பாதை 1906-ல் போடப்பட்டதன் பிரதான நோக்கம் நகரத்துக் குப்பையை வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதே. 1924-ல்தான் அதில் மனிதர்கள் பிரயாணம் செய்யத் தொடங்கினார்கள். வயலும் சதுப்பும் தென்னையுமாக இருந்த அந்தப் பிரதேசம், சுதந்திரத்துக்குப் பிறகு சிந்துவிலிருந்து வந்த அகதிகளுக்கும், துரோம்பே கரையில் எழுந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் வேலைக்கு வந்த தொழிலாளிகளுக்கும், 1956-ல் ஆசியாவின் முதல் அணு உலையாகிய அப்சரா இயங்கத் தொடங்கியபின் அங்கே வந்து சேர்ந்த விஞ்ஞானிகளுக்கும் இருப்பிடமாயிற்று. வீட்டுவசதி வாரியம் கட்டிய மாடிக் கட்டடங்களின் வரிசைகளே திலக் நகரின் உடலாக வெகுகாலம் இருந்தன. மராட்டியக் குடும்பங்களே அதிகமெனினும், அவர்கள் நடுவே தமிழும் மலையாளமும் குஜராத்தியும் பேசுகிற வீடுகள் கலந்திருந்தன. ஒரே மாடிப்படியில் நான்கு பாஷைகளில் குழந்தைகளைச் சாப்பிடக் கூப்பிடும் குரல் கேட்கும். அந்தப் பழைய கட்டடங்கள் இப்போது ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, அவற்றின் ஸ்தானத்தில் வானளாவிய அடுக்குமாடிகள் எழுகின்றன. விநாயக சதுர்த்தி வந்துவிட்டால், எங்கோ ஒரு தேசத்திலுள்ள அரண்மனையின் முகப்பையோ கோயிலின் கோபுரத்தையோ பந்தலாகக் கட்டி நிறுத்தி, பல்லாயிரம் ஜனங்களை வரவழைக்கும் உற்சாகம் மட்டும் குறையவில்லை. விநாயகர் விழாவைப் பொதுவிழாவாக்கிய திலகரின் பெயர் இந்த இடத்துக்கு வாய்த்தது பொருத்தமே. 1907-ல் சூரத் காங்கிரஸில் பாரதியாரும் வ. உ. சிதம்பரனாரும் அந்தத் திலகரின் பக்கம் நின்றார்கள் என்பதை நினைக்கும்போது, தமிழ்நாட்டு ரயில்கள் வந்து நிற்கும் முனையத்துக்கும் அவர் பெயரே வாய்த்திருப்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

இந்த ஊரைப் பற்றி எழுத நினைத்ததற்குக் காரணம் வேறொன்று. இங்கே குடியிருக்கும் தமிழர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஆண்டில் இரண்டு முறையாவது ஊரிலிருந்து விருந்தினர் வருகிறார்கள். வந்தவர்களை ஒரு நாள் எங்கேயாவது அழைத்துப் போகவேண்டும். சௌபாத்தி கடற்கரை, நடிகர்களின் பங்களாக்கள், துணிக்கடைகள் ஆகியவற்றோடு அந்த நாள் கழிந்துவிடுகிறது. அதே ஒரு நாளில், திலக் நகர் நிலையத்தில் டிக்கெட் வாங்கிப் புறப்பட்டு, சுண்ணாம்புக் கல்லில் இழைத்த சித்திரங்களையும், கடல் நடுவே எரிமலைப் பாறையைக் குடைந்து அமைத்த சிவாலயத்தையும் தரிசித்துவிட்டு இரவு உணவுக்கு வீடு திரும்பிவிடலாம் என்பதும், தமிழ் அறிந்த வழிகாட்டி ஒருவர் கூட இருந்துவிட்டால் அது யாத்திரையாகவே ஆகிவிடும் என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

மலைகளாக நிற்கும் சுண்ணாம்புக் கல் மும்பையில் இல்லை. இந்தப் பிரதேசம் முழுவதும் ஏறக்குறைய ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் வயிற்றிலிருந்து பொங்கி வழிந்து உறைந்த தீக்குழம்பின் கருங்கல். சுண்ணாம்புக் கல்லைக் காண விரும்பும் தமிழர் அரியலூருக்குப் போகலாம். கடல் இருந்து விலகிய அந்த மண்ணில், கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுரங்கங்களில், சிப்பிகள் அப்படியே கல்லாய்ப் படிந்திருக்கக் காணலாம். மும்பைக்குச் சுண்ணாம்புக் கல் கப்பல் ஏறி வந்தது. சௌராஷ்டிரக் கரையிலுள்ள போர்பந்தரில் வெட்டி எடுக்கப்படும் அந்த வெளிர்மஞ்சள் கல், கண்ணுக்குத் தெரியாத கடற்பிராணிகளின் ஓடுகள் நொறுங்கிச் சேர்ந்து இறுகியது. வெட்டி எடுத்த புதிதில் உளிக்கு இணங்கும், காற்றுப்பட்டபின் கடினமாகும். அந்தக் குணத்தினாலேதான் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பம்பாயின் சிற்பிகள், சுவர்களுக்கு உள்ளூர்க் கல்லையும் இலை, கொடி, பறவை, முகம் ஆகிய நுட்ப வேலைகளுக்குப் போர்பந்தர்க் கல்லையும் தேர்ந்தார்கள். உள்ளூர்க் கல் என்றேன். அதற்குக் குர்லாக் கல் என்றே பெயர். திலக் நகருக்கு அடுத்த ஊரின் பெயரைத் தாங்கிய அந்த மங்கலான பழுப்புக் கல்லில்தான், 1878-ல் முடிவடைந்த, சுமார் 85 மீட்டர் உயரமுள்ள ராஜாபாய் மணிக்கூண்டு எழுந்தது. தாமே நேரில் வந்து பாராமல் அதற்கு வரைபடம் அனுப்பியவர் கில்பர்ட் ஸ்காட் என்னும் ஆங்கிலச் சிற்பசாஸ்திரி.

காலை ஏழு மணிக்குள் ரயில் ஏறிவிடுவது உத்தமம். குர்லா, சுனாபட்டி, வடாலா, சிவ்ரி என்று நிலையங்கள் கடந்து போகையில், சிவ்ரியின் சேற்றுக்கரையில் குளிர்காலத்தில் பூநாரைகள் இறங்குவதை விருந்தினருக்குச் சொல்லலாம். ரயில் கடைசியாக நிற்கும் சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையமே முதல் காட்சி. பிரடெரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ் வகுத்த திட்டப்படி 1878-ல் தொடங்கிப் பத்து ஆண்டுகளில் கட்டி முடிக்கப்பட்ட இந்த நிலையத்தின் வெளிமுகம் மணற்கல்லும் சுண்ணாம்புக் கல்லுமாக அமைந்தது. 2004-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நாள்தோறும் லட்சக்கணக்கானோர் தலைநிமிராமல் ஓடுகிற அந்த வாசலில் கால் மணி நேரம் எதிர்ச்சாரியில் நின்று அண்ணாந்து பார்க்கச் சொல்லவேண்டும். ஜே. ஜே. கலைப்பள்ளி மாணவர்கள் அந்தக் கல்லில் செதுக்கிய மயிலும் குரங்கும் இலைக்கொத்தும் நம் நாட்டுக் காட்டிலிருந்து வந்தவை. கட்டடத்தின் வடிவம் ஐரோப்பியம், அதில் குடியேறிய உயிர்கள் நம்முடையவை. கடற்காற்றின் உப்பும் ஆண்டுதோறும் நாலு மாதம் விடாது பெய்யும் மழையும் இந்த மென்மையான கல்லை அரிக்கின்றன. சில முகங்களில் மூக்கு தேய்ந்துவிட்டதைக் கண்டு மனம் நோகாமல் இருக்க முடியாது.

அங்கிருந்து கேட்வே ஆப் இந்தியா வரை டாக்ஸியில் சிறு தூரம். தோணித்துறையில் ஏறினால் ஒரு மணி நேரக் கடற்பிரயாணம். இடப்புறம் துரோம்பே மலையும் ஆலைப் புகைபோக்கிகளும் தெரியும்போது, காலையில் புறப்பட்ட நம் ஊரையே கடலிலிருந்து பார்க்கிறோம் என்பதை விருந்தினருக்குச் சுட்டிக்காட்டலாம். ஆங்கிலத்தில் எலிபெண்டா என்று வழங்கும் தீவின் உண்மைப் பெயர் காராபுரி. கரையில் நின்ற கல்யானை ஒன்றைக் கண்டு போர்த்துகீசியர் அந்தப் பெயரைச் சூட்டினார்கள். 1864-ல் அதைச் சீமைக்குக் கொண்டுபோக முயன்றபோது பாரந்தூக்கி முறிந்து யானை உடைந்தது. ஒட்டிச் சேர்த்த அந்த யானை இன்று பைகுல்லா ஜீஜாமாதா தோட்டத்தில் நிற்கிறது.

துறையிலிருந்து மலையேற 120 படிகள் வரை உண்டு. முடியாத முதியோருக்கு டோலி கிடைக்கும். தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏறினால் குரங்குகள் விடமாட்டா. திங்கட்கிழமை குகைக்கு விடுமுறை என்பதையும், மழைக்காலத்தில் படகு நிச்சயமில்லை என்பதையும் முன்கூட்டியே நினைவில் கொள்ளவேண்டும்.

ஆறாம் நூற்றாண்டின் நடுவில் குடையப்பட்டதாக அறிஞர் கருதும் இந்தக் குகைக்குள் வடக்கு வாயிலால் நுழைந்து, தூண்களின் இருட்டுக்குக் கண் பழகியதும், எதிரே தென்சுவரில் ஏறத்தாழ பதினெட்டு அடி உயரத்துக்கு எழும் சதாசிவ மூர்த்தத்தின் முன் பேச்சு நின்றுவிடுகிறது. நடுவே மூடிய கண்களோடு யோகத்தில் ஆழ்ந்த தத்புருஷ முகம். ஒரு பக்கம் பாம்பை ஏந்திச் சினந்த அகோரம். மறுபக்கம் தாமரையேந்திய வாமதேவம், அம்மையின் சாயல். செதுக்கியவர் யார், செய்வித்த அரசர் யார் என்று சொல்லும் கல்வெட்டு இன்று அங்கே இல்லை. நாணயங்களைக் கொண்டு களசூரி மன்னர்களின் காலம் என்று ஊகிக்கிறார்கள்.

வழிகாட்டியின் அவசியத்தை நான் உணர்ந்த இடம் இதுதான். அங்கே ஹிந்தியிலும் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் விளக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் குறையொன்றும் இல்லை. ஆனால் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த என் பெரியப்பாவுக்கு அந்த மூன்றில் ஒன்றும் எட்டாது. சிலையின் அளவையும் ஆண்டையும் பிறர் கேட்டுத் தலையசைத்துக்கொண்டிருக்க, அவர் ஒதுங்கி நின்றார். கிழக்குச் சிறகில், பத்துத் தலையன் மலையைத் தூக்க முயலும் சிதைந்த சிற்பத்தின் அருகே அழைத்துப் போய், "பெரியப்பா, இது யாருன்னு தெரியுதா?" என்று கேட்டேன். சற்றே உற்றுப் பார்த்தவர், "தெரியாம என்னலே? சம்பந்தர் பதிகத்துல எட்டாம் பாட்டுல வாரவம்லா!" என்றார். ஆம், ஞானசம்பந்தர் தம் பதிகங்களில் எட்டாம் பாட்டை இராவணனுக்கென்றே ஒதுக்குவது மரபு. சம்பந்தர் பிறப்பதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் முன்னரே இந்தக் கடலோரத்தில் ஒரு சிற்பி அதே காட்சியைப் பாறையில் கண்டிருக்கிறான். அதன் பிறகு பெரியப்பா எவர் உதவியும் வேண்டாமல் ஒவ்வொரு சுவராகப் படித்துக்கொண்டு போனார். இறைவனின் வலப்புறம் நாணித் தலை கவிழ்ந்து நிற்கும் பார்வதியின் கையைப் பற்றிய கல்யாணசுந்தரரைக் கண்டு, திருமணஞ்சேரிக்குப் போய்வந்ததைச் சொன்னார். சடையில் கங்கையை ஏற்கும் கோலமும், மாதொரு பாகனும், கைகால் உடைந்தும் ஆட்டம் உடையாத நடராஜரும், அந்தகாசுரனைச் சூலத்தில் ஏந்திய உக்கிர மூர்த்தியும் அவருக்கு நெடுநாள் பழகியவர்களே.

மேற்குப் பக்கத்து லிங்க சன்னிதிக்கு நான்கு வாசல்கள், ஒவ்வொரு வாசலிலும் நெடிய துவாரபாலகர்கள். நித்திய பூஜையில்லாத அந்தக் கருவறையில் விளக்கில்லை, மணியோசையில்லை. வலம்வந்து நிற்கிறவனின் பக்தி ஒன்றுதான் அங்கே நைவேத்தியம். போர்த்துகீசியர் காலத்தில் சிற்பங்கள் பலவற்றின் கீழ்ப்பகுதி சிதைந்தது என்பர். சிதைவைக் கண்டு வருந்துவது இயல்பேயாயினும், முகங்கள் பெரும்பாலும் தப்பியது நம் பாக்கியம்.

தமிழ்நாட்டில் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் முதன்முதலாகப் பாறையைக் குடைந்தபோது, செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் கோயில் எடுத்ததைப் பெருமையோடு கல்வெட்டில் பொறித்தான். சுதையென்பது சுண்ணாம்பு. காலையில் சுண்ணாம்புக் கல்லின் நயத்தைக் கண்ட கண்ணுக்கு, சுண்ணாம்பு சிறிதும் தீண்டாத கட்டட மரபு ஒன்று மாலைக்குள் காணக் கிடைக்கிறதென்பது இந்த ஒரு நாளின் தனிச் சிறப்பு. காராபுரி, பல்லவனுக்கு இரண்டு தலைமுறைக்கு முந்தியது. தக்காணத்தில் வளர்ந்த இந்தக் குடைவரைக் கலையின் காற்று தெற்கே காஞ்சிக்கும் வீசியிருக்க வேண்டும் என்று எண்ண எனக்குத் தயக்கமில்லை.

கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் குர்லாவில் சென்ட்ரல் பாதைக்கு மாறி அம்பர்நாத் போகலாம். சிலாஹார மன்னன் மம்முணியின் காலத்தில், 1060-ல் எழுந்த சிவன் கோயில் அது. கருங்கல் முழுவதும் சிற்பம், இன்றும் வழிபாடு நடக்கிறது, படியிறங்கிப் போய் லிங்கத்தைத் தொழவேண்டும்.

திரும்பும் வழியில் வடாலாவில் இறங்கி மாதுங்காவில் காபி குடிக்காமல் வருவது நியாயமில்லை. அங்கே ஆஸ்திக சமாஜத்து ராமர் சன்னிதியில் நின்றுவிட்டு, செம்பூர் செடா நகருக்கு வந்தால், 108 படிகளுக்கு மேலே முருகன் இருக்கிறான். பகலில் காராபுரிப் படிகளில் மூச்சு வாங்கியவர்களும் இந்தப் படிகளை மறுப்பதில்லை.

மும்பையில் நம்மவர் நடத்தும் சங்கங்களும் சபைகளும் சமாஜங்களும் பல. இசைக்கும் பள்ளிக்கும் கோயிலுக்கும் அவை செய்த பணி மகத்தானது. அவற்றில் ஏதேனும் ஒன்று, காராபுரிச் சிற்பங்களைத் தேவாரத்தோடு சேர்த்து விளக்கும் சிறு தமிழ்ப் புத்தகம் ஒன்றை அச்சிட்டு, கல்லூரி மாணவர் சிலருக்குச் சொல்லிக்கொடுத்து, ஞாயிறுதோறும் திலக் நகர் நிலையத்தின் வாசலிலிருந்து முதியோரை அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்யலாம். படகுக் கூலியும் நுழைவுச் சீட்டும் தவிர அதற்குப் பெரிய செலவில்லை. ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் தேவாரத்தை நெஞ்சில் சுமந்துகொண்டே டெர்மினஸில் இறங்குகிறார்கள். அவர்களைப் படகேற்றி அந்தச் சுவர்களின் முன் கொண்டுபோய் நிறுத்தும் வேலைதான் நம்முடையது. வருகிற குளிர்காலத்தில், கடல் அமைதியாக இருக்கும் மாதங்களிலேயே இதைத் தொடங்கிவிடலாம்.