ஆண்டர்சன் தெருவில் ‘ஏ’யா, ‘ஈ’யா?

பாரிமுனையில் இறங்கி, ஹைகோர்ட்டுக்கு எதிர்ப்புறமாக என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் நடந்தால் ஆண்டர்சன் தெரு. கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, லெட்டர்பேடு, கவர், டைரி... எங்கே திரும்பினாலும் காகித வாசனை. ஜாதகம் எங்கே பொருந்தினாலும் பத்திரிகைக்கு இங்கேதான் வந்தாக வேண்டும்!

நான் போனபோது ஒரு மீன்பாடி வண்டி பேப்பர் பண்டல்களோடு குறுக்கே நின்றது. பின்னால் நாலு ஆட்டோ. ஸ்டேஷனரி தெருவில் வண்டிகளும் ஸ்டேஷனரி!

தமிழில் எழுதுவதால் நான் தப்பித்தேன். இங்கிலீஷில் முன்னதற்கு ‘ஈ’. அது பெயர்ச்சொல், காகிதம் பேனா வகையறா. பின்னதற்கு ‘ஏ’, அது அட்ஜெக்டிவ், அசையாமல் நிற்கிற என்று அர்த்தம். அட்ஜெக்டிவ்வுக்கு முதல் எழுத்தே ‘ஏ’தானே, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் பங்காளிகள்தான். அந்தக் கால ஐரோப்பாவில் தெருத்தெருவாக அலைந்து விற்றவர்கள் போக, ஓரிடத்தில் நிலையாகக் கடை போட்டவருக்கு ஸ்டேஷனர் என்று பேர். லண்டனில் 1403-லேயே சங்கம் வைத்துவிட்டார்கள். அவர் விற்ற சரக்கு ஸ்டேஷனரி ஆயிற்று.

ஒரு கடையில் ஓர் இளைஞர் பள்ளிக்கூட லெட்டர்பேடுக்கு ப்ரூஃப் பார்க்க வந்திருந்தார். மேலாகப் பார்த்துவிட்டு, “நல்லாருக்கு, அடிச்சிடுங்க” என்றார்.

கடைக்காரர் பேனாவை நீட்டினார். “படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க தம்பி. அப்புறம் தப்பு வந்தா ஆயிரம் காப்பியும் உங்க கணக்கு.”

“கம்ப்யூட்டர்ல ஸ்பெல்லிங் செக் பண்ணியாச்சு சார்.”

“அது பாஸ் பண்ணிடும் தம்பி. ரெண்டுமே இங்கிலீஷ்ல இருக்கிற வார்த்தை. காதால படிக்காதீங்க, கண்ணால படிங்க.”

எட்டிப் பார்த்தேன். ‘பிரின்சிபல்’ என்பது ‘எல்.ஈ.’யில் முடிந்திருந்தது. பள்ளிக்குத் தலைமை ஆசிரியருக்குப் பதில் ‘கொள்கை’!

‘எல்.ஈ.’ என்றால் கொள்கை, பெயர்ச்சொல் மட்டுமே. ‘ஏ.எல்.’ என்றால் அட்ஜெக்டிவ்வாக ‘முதன்மையான’. பெயர்ச்சொல்லாகக் கல்லூரி முதல்வர், கடனில் அசல். காமர்ஸ் படித்தவன் சொல்கிறேன்: பேங்க் லெட்டரில் இதை மாற்றிப் போட்டால், ‘என் கொள்கையைத் தவணையில் திருப்பித் தருகிறேன்’ என்று ஆகிவிடும். மேனேஜர் பாவம்!

லைசென்ஸ் இன்னும் வேடிக்கை. நம் ஊரில் வழங்கும் பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்கில் பர்ஸில் இருப்பது ‘சி’, பெயர்ச்சொல். வழங்குகிற வினை ‘எஸ்’. அட்வைஸ் விஷயமும் அப்படியே. அங்கே மட்டும் காதும் கொஞ்சம் உதவும்.

பத்திரிகையின் அடியில் வரும் ‘காம்ப்ளிமெண்ட்ஸ்’ வந்தால் இலக்கணமும் கை விரித்துவிடும். இரண்டுமே பெயராகவும் வரும், வினையாகவும் வரும். ‘ஐ’ போட்டால் பாராட்டு, வாழ்த்து. ‘ஈ’ போட்டால் குறையை நிரப்புவது. உற்றார் உறவினர் வாழ்த்தத்தான் வருகிறார்கள்; கல்யாணத்தில் குறை கண்டுபிடிப்பார்களே தவிர, நிரப்பவா போகிறார்கள்?

ஆகவே நண்பர்களே, வேலைக்கு அப்ளிகேஷன் போடுமுன் சந்தேகமான வார்த்தையைப் பிடித்து நிறுத்தி, “நீ பெயரா, வினையா, அட்ஜெக்டிவ்வா?” என்று விசாரியுங்கள். பக்கத்து ஸீட்டுக்காரரின் பழைய அப்ளிகேஷனை ஈயடிச்சான் காப்பி அடித்தால், அவருடைய ‘ஈ’யும் சேர்ந்தே வரும்!