சித்திரை வெயிலில் ஒரு ஆக்சலாட்டல்

சித்திரை, செவ்வாய்

கீழ்வீட்டுப் பையன் பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தான். உள்ளே வெள்ளை ஆக்சலாட்டல், தண்ணீரிலேயே வாழும் சாலமாண்டர் வகை. "மாமா, செவுளெல்லாம் கொட்டிப் போச்சு." ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். தலையின் இருபக்கமும் மும்மூன்றாக நிற்கும் தண்டுகளில் சிவப்பு இழைகள் பாதிக்கு மேல் இல்லை. வலப்பக்க நடுத்தண்டின் நுனியில் பஞ்சு ஒட்டியதுபோல் பூஞ்சை.

செவுள் வெளுத்திருப்பதை மட்டும் வைத்து நான் பயப்படுவதில்லை. சும்மா கிடக்கும்போது ரத்த ஓட்டம் குறைந்து வெளுக்கும், நடமாடினால் சிவக்கும். இழை குட்டையாவது, தண்டு முன்பக்கம் மடங்குவது, ஓயாமல் மேலே வந்து காற்றை விழுங்குவது, இவைதான் கவலைப்பட வேண்டியவை. இதற்கு மூன்றும் இருக்கிறது.

புதன்

அவன் வீட்டுத் தொட்டியைப் பார்த்தேன். தண்ணீர் 30 டிகிரி. டெஸ்ட் கிட் அம்மோனியா இருப்பதைப் பச்சையாகக் காட்டியது. இந்தப் பிராணிக்கு 16 முதல் 18 டிகிரிதான் இதம். 24-ஐத் தாண்டினால் தவித்துப்போகும். இங்கே திருவண்ணாமலையில் எல்லோரும் போர் தண்ணீரைத்தான் திட்டுவார்கள். பாவம், அதன்மேல் பழியில்லை. ஓரளவு கடினமான நீர் ஆக்சலாட்டலுக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் காரத்தன்மையும் சூடும் ஏற ஏற, அம்மோனியாவின் நஞ்சு கூடிச் செவுள் இழைகளைப் பொசுக்கும். சூடான நீரில் ஆக்சிஜனும் குறைவு. போதாததற்கு ஃபில்டர் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுகிறது. கூடவே தங்கமீன்கள் வேறு. அசையும் செவுளை இரையென்று கொத்திவிடும். மீன்களை அன்றே பிரிக்கச் சொன்னேன்.

வெள்ளி

சித்ரா பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் தெருவில் கால் வைக்க இடமில்லை. ஆக்சலாட்டல் என் வீட்டில், தனி டப்பாவில். குளோரின் நீக்கிய தண்ணீரைத் தினமும் முழுதாக மாற்றுகிறேன். ஃப்ரீசரில் உறையவைத்த தண்ணீர் பாட்டில்களை டப்பாவைச் சுற்றி அடுக்கி மெல்ல மெல்லக் குளிரவைக்கிறேன். சட்டென்று குளிரவைத்தால் அதுவும் தாங்காது. காலையும் மாலையும் உப்புக் குளியல்: அயோடின் சேர்க்காத உப்பு, லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன், பத்து நிமிடம். கால் மணி நேரத்தைத் தாண்டினால் உப்பே செவுளைப் புண்ணாக்கும். பூஞ்சை உடம்புக்குப் பரவினால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோக வேண்டியதுதான்.

திங்கள்

பூஞ்சை உதிர்ந்துவிட்டது. உப்பை நிறுத்தினேன். மண்புழுத் துண்டை ஒரே கவ்வில் விழுங்கியது!

வைகாசி, ஞாயிறு

மொட்டையாக இருந்த தண்டில் மெல்லிய இளஞ்சிவப்பு இழைகள். காலையே திரும்ப வளர்த்துக்கொள்ளும் உயிர் இது. தண்ணீர் சரியாக இருந்தால் செவுளையும் வளர்த்துக்கொள்ளும்.

இதன் பூர்வீகமான மெக்சிகோவின் ஷோச்சிமில்கோவில் 1998-ல் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 இருந்தவை, 2014-ல் சுமார் 36 ஆகிவிட்டன. அங்கேயும் கெட்டுப்போன தண்ணீரும், வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட கெண்டையும் திலேப்பியாவும்தான் எமன்.

"எப்ப மாமா தொட்டிக்கு மாத்தலாம்?" என்று கேட்டான். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகி, நண்பகலிலும் தண்ணீர் 20 டிகிரிக்குள் நிற்கட்டும், பிறகு மாற்றலாம் என்றேன். சில்லர் வாங்கப் பணம் சேர்க்கிறானாம். அதுவரை டப்பா என் வீட்டில்தான்.